எம்.எஸ்.20-ம் அப்பாவின் காதும்

எம்.எஸ்.னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது சுப்புலட்சுமி அம்மா. அடுத்தது விஸ்வநாதன். இந்தப் பதிவு ரெண்டு பேரைப் பத்தியும் இல்லை, மன்னிக்கணும். இது ஜப்பானின் கோர்க் கம்பெனி 1978-ல் கொண்டுவந்த எம்.எஸ்.20ங்கிற சிந்தசைசரைப் பத்தினது. என்கிட்ட இருக்கிறது ஒரிஜினல் இல்லை, அதெல்லாம் சொத்தை எழுதிக் கொடுத்து வாங்கணும். 2013-ல் அவங்களே திரும்பக் கொண்டுவந்த மினி. பழசை 86 சதவீத அளவுக்குச் சுருக்கினது. கட்டைகள் சின்னது, என் விரல் தடிமன். அது என் பிரச்சனை.

கொஞ்சம் டெக்னிக்கலா போகும், நடுவுல எழுந்து போயிடாதீங்க. கடைசியில் பீன்ஸ் கதை ஒண்ணு இருக்கு.

சிந்தசைசர்ல ரெண்டு வேலை நடக்குது. ஒரு பகுதி சத்தத்தை உண்டாக்கும். அது ஆசிலேட்டர். 'ங்ங்ங்'னு ஒரே மாதிரி கத்திக்கிட்டே இருக்கும், தனியா கேட்டா தலைவலி வரும். இன்னொரு பகுதி அந்தச் சத்தத்தைச் செதுக்கும். அதுதான் பில்டர். நம்ம ஊர் காபி பில்டர் மாதிரியேதான்: எதைக் கீழே விடணும், எதை மேலயே நிறுத்தணும்னு முடிவு பண்ற சமாச்சாரம். லோ-பாஸ் பில்டர்னா கீழ்ச்சுருதி அதிர்வுகளை விட்டுட்டு மேலே உள்ளதை வெட்டும். ஹை-பாஸ் அதுக்கு நேர் எதிர். எந்த இடத்துல வெட்டணும்ங்கிறதுக்கு ஒரு குமிழ், கட்-ஆஃப். வெட்டுற இடத்துல இருக்கிற அதிர்வை மட்டும் தூக்கிக் காட்ட இன்னொரு குமிழ். இதை ரெசனன்ஸ்னு சொல்வாங்க, எம்.எஸ்.20-ல் பீக்னு போட்டிருக்கும். பீக்கை முழுசா ஏத்தினா பில்டரே விசிலடிக்க ஆரம்பிச்சுடும். இந்த விசிலை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

எனக்கு ஆசிலேட்டர் மேல பெரிய மரியாதை கிடையாது. மரியாதையெல்லாம் பில்டருக்கும், பெட்டியோட முகப்புல வலது பக்கம் 'சிக்னல் இன்'னு எழுதியிருக்கிற துளைக்கும்தான். அது வழியா வெளியிலிருந்து எந்தச் சத்தத்தையும் உள்ளே அனுப்பலாம். மைக், கிடார், கேசட் பிளேயர், ரேடியோ, எது வேணும்னாலும். ஆசிலேட்டரோட வால்யூமைப் பூஜ்யத்துல வச்சுட்டா பெட்டிக்குன்னு சொந்தக் குரல் இல்லை. நம்ம சத்தத்தை வாங்கிச் செதுக்கிக் கொடுக்கிற ஆசாரி மட்டும்தான் மிச்சம்.

இது ஒண்ணும் புது வித்தை இல்லை. 1969-ல் லண்டன்ல இ.எம்.எஸ். கம்பெனி வி.சி.எஸ்.3ன்னு ஒரு பெட்டி கொண்டுவந்தாங்க. அதுல கட்டையே கிடையாது. 16க்கு 16ன்னு 256 ஓட்டை உள்ள ஒரு பலகை, பல்லாங்குழிக்குப் பெரியண்ணன். எந்த ஓட்டையில ஆணி குத்துறோமோ அதுக்கேத்த மாதிரி எது எதோட சேரணும்னு முடிவாகும். வெளிச்சத்தம் வர ரெண்டு வழி உண்டு. பில்டர், ரிங் மாடுலேட்டர், ஸ்பிரிங் வச்ச எதிரொலி எல்லாம் அதுக்குள்ளேயே. 'த ஹூ' குழுவோட பீட் டவுன்ஷெண்ட் 1971-ல் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' பாட்டுக்கு ஒரு வீட்டு ஆர்கனை இந்தப் பெட்டிக்குள்ள அனுப்பினார். பாட்டுல துடிதுடின்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். பலபேர் அதை சிந்தசைசரே வாசிச்சதுன்னு நினைச்சிட்டிருக்காங்க. அவர் வாசிச்சது சும்மா நீளமா பிடிச்ச ஆர்கன் கார்டுகள்தான். துடிப்பு மொத்தமும் பில்டரோட கைங்கர்யம்.

அதே காலத்துல பிரையன் ஈனோ. ராக்ஸி மியூசிக் குழுவுல 1971லிருந்து 73 வரை இருந்தார். தன்னை இசைக்கலைஞனே இல்லைன்னு சொல்லிக்கிட்ட ஆளு. கூட இருக்கிறவங்களோட கிடாரையும் சாக்ஸபோனையும் வி.சி.எஸ்.3-க்குள்ள வாங்கித் திருகித் திருகி வெளியே விட்டுக்கிட்டு இருந்தார். ஒரு ஸ்வரம்கூட வாசிக்காம குழுவோட சத்தத்தையே மாத்த முடியும்னா எனக்கெல்லாம் எவ்வளவு தெம்பு, யோசிச்சுப் பாருங்க. (மினிமூக் ஆளுங்க வேற ரகம். ஹெட்போன் சத்தத்தையே திரும்ப உள்ளீட்டுத் துளையில சொருகி, தன் வாலைத் தானே கடிக்க விட்டு, ஒரு கரகரப்பு எடுப்பாங்க. அது தனிப் பதிவு.)

சரி, செஞ்சு பார்க்கலாம்னு உட்காருறவங்க எல்லாரும் ஒரே இடத்துல முட்டிக்கிறாங்க. ஒயரைச் சொருகியாச்சு, சத்தம் வரலை. ரெண்டு காரணம். ஒண்ணு, மைக்ல இருந்து வர்ற மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். சிந்தசைசருக்குள்ள ஓடுறது சில வோல்ட். அதனால உள்ளே போறதை முதல்ல பெருக்கணும். அதுக்கு சிக்னல் லெவல் குமிழ் இருக்கு. ரொம்பக் கம்மியா வச்சா இரைச்சல்தான் கேக்கும், ரொம்ப ஏத்தினா சத்தம் கிழியும். (கிழியட்டும்னுதான் பலபேர் ஏத்துறாங்க, எம்.எஸ்.20 கிழியறதுக்கு ஒரு அழகு உண்டு.) ரெண்டாவது, பில்டருக்கு அப்புறம் ஒரு கதவு இருக்கு. கட்டையை அமுக்கினாத்தான் அது திறக்கும். பெட்டிக்குத் தெரியாதில்ல, நாம வெளியிலிருந்து சத்தம் கொண்டு வந்திருக்கோம்னு. ஸஸ்டெயினை முழுசா ஏத்திட்டு, ஒரு கட்டையை அமுக்கி, மடிச்ச கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பக்கத்துக் கட்டைக்கும் அதுக்கும் நடுவுல சொருகிட்டா வேலை முடிஞ்சது. மேனுவல்ல இந்த டெக்னிக் கிடையாது :-)

நான் முதல்ல அனுப்பினது வீட்ல சும்மா கிடந்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை. அக்கா பாட்டுக் கிளாஸ் போன காலத்தது. ஷட்ஜத்தை மட்டும் ஒலிக்க விட்டு, பீக்கை விசிலடிக்கிறதுக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்தி, கட்-ஆஃபை மெதுவா கீழிருந்து மேலே திருப்பினேன். ஸ 130 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குவோம். அந்த ஒரே ஒலிக்குள்ள 260, 390, 520, 650ன்னு அதோட மடங்குகளும் ஒளிஞ்சிருக்கு. சாதாரணமா காது இதையெல்லாம் சேர்த்து ஒரே சத்தமாத்தான் எடுத்துக்கும். பில்டர் ஒவ்வொண்ணு மேலயும் விரல் வச்சுக் காட்டுது. 260-ல் மேல்ஸ்தாயி ஸ. 390-ல் பஞ்சமம். 520-ல் இன்னொரு ஸ. 650 வந்ததும் யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் 'ணிங்'னு எழுந்து நிக்குது!

தம்பூராக்காரங்களுக்கு இது புதுசில்லை. ஒழுங்கா சுருதி சேர்த்த தம்பூராவுல மீட்டாத காந்தாரம் தானே பேசும், சுயம்பு காந்தாரம்னு அதுக்குப் பேரே உண்டு. அதுக்காகத்தான் தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு துண்டு நூலை வச்சு, முன்னே பின்னே நகர்த்தி ஜீவா பிடிக்கிறாங்க. அந்த நூல் செய்றதைத்தான் இந்தக் குமிழும் தன் பாணியில செய்யுது. இன்னொரு சுவாரஸ்யம், இப்படி வர்ற காந்தாரம் கீபோர்டுல வாசிக்கிற காந்தாரத்தைவிட ஒரு இழை கீழே, செமிடோன்ல ஏறக்குறைய ஏழுல ஒரு பங்கு. ரெண்டையும் சேர்த்து வாசிச்சா அலை அலையா அடிக்குது. எது சரியான காந்தாரம்னு சண்டைக்கு வரமாட்டேன். ஆனா என் ஓட்டு சுருதிப் பெட்டிக்கு.

அப்புறம் குக்கர் விசில், தண்ணி மோட்டார், தெருவுல போற கீரைக்காரம்மா குரல்னு எல்லாத்தையும் உள்ளே அனுப்பிப் பார்த்தேன். எம்.எஸ்.20-ல் எதிரொலி கிடையாது. அதுக்கு கோர்க்கோட மோனோட்ரான் டிலேன்னு 2011-ல் வந்த சின்னப் பெட்டியைப் பின்னாடி மாட்டலாம். உள்ளங்கை அளவு, ரெண்டு பேட்டரியில ஓடும். மூணாவது விசில் முடிஞ்சும் குக்கர் ஒரு பத்து தடவை தேய்ஞ்சு தேய்ஞ்சு கூவும். அம்மா ஹால்ல இருந்து "எத்தனை விசில்டா வந்தது?"ன்னு கத்தினதோட அந்த ஆராய்ச்சியை நிறுத்திட்டேன்.

இப்ப பீன்ஸ்.

அப்பாவுக்கு 74. மூணு நாலு வருஷமா காது மந்தம். முழுக்கக் கேக்கலைன்னா பரவாயில்லை, ஒரு முடிவுக்கு வரலாம். பிரச்சனை என்னன்னா கேக்கும், ஆனா கேக்காது. 'டீ வேணுமா'ன்னா கேக்கும். கரண்ட் பில் கட்டியாச்சான்னா கேக்காது. அம்மா ரொம்ப நாளா ஒரே தீர்ப்புதான் சொல்லிட்டிருந்தாங்க, "உங்கப்பா வேணும்னே பண்றார். வேண்டியது மட்டும் கேக்குது பாரு." அப்பாவும் ஒரே பதில்தான் சொல்வார், "கேக்குது, புரியலை." இது ரெண்டும் எங்க வீட்ல தினசரி சுப்ரபாதம். ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து பீன்ஸ் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல, அப்பா ரெண்டு முழம் மல்லிப்பூவோட வந்து நின்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வரலை. அதுக்கப்புறம் ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் நடுவுல தேவையான பேச்சு மட்டும்தான். அதுவும் என் வழியா.

கேள்விப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு தாள்ல கோடு போட்டுக் கொடுத்தாங்க. இடது பக்கம் 250 ஹெர்ட்ஸ், வலது பக்கம் 8000. கோடு இடது பக்கம் 20 டெசிபல்ல நல்லாத்தான் ஆரம்பிக்குது. 1000-ல் 30, 2000-ல் 50, 4000-ல் 65. மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி சரிவு. வயசானா உயர் அதிர்வுகள்தான் முதல்ல போகும்னு சொல்லி, காதுக்கருவி பத்தி ஒரு காகிதமும் கொடுத்தாங்க. தாளை மடிச்சு அப்பா சட்டைப்பைக்குள்ள வச்சார். அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

அந்தத் தாளை வீட்ல வந்து நான் பிரிச்சுப் பார்த்தப்போ எனக்குத் தோணினது ஒண்ணுதான். இது லோ-பாஸ் பில்டர். அச்சு அசல் அதே கோடு. எம்.எஸ்.20-ஓட லோ-பாஸ் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் இறக்கும். கட்-ஆஃபை 700 ஹெர்ட்ஸ்ல வச்சா 2000-ல் 18 டெசிபல் இறங்கும், 4000-ல் 30. அப்பாவோட தாள்படி 4000-ல் 45 இறங்கியிருக்கணும், அதனால நிஜம் இன்னும் ஒரு படி மோசம். இருந்தாலும் கிட்டத்தட்ட அப்பாவோட காது.

700-ஐ எப்படி வைக்கிறது? அங்கதான் அந்த விசில். பீக்கை முழுசா ஏத்தினா பில்டர் தன் கட்-ஆஃப்ல இருந்துக்கிட்டே விசிலடிக்கும். அதை செல்போன் ட்யூனர்ல காட்டி, 698 வர்ற வரைக்கும் குமிழைத் திருப்பி, அப்புறம் பீக்கைப் பூஜ்யத்துக்கு இறக்கிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். நான் அடுத்த ரூம்ல மைக்கோட. வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதில்லையா.

"கேக்குதாம்மா?"

"கேக்குது. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. சத்தமாப் பேசுடா."

தட்டுன்னேன். கட்டுன்னாங்க. பல்லுன்னேன், என்னதுன்னாங்க. சீப்புன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சு "சூப்பா?"ன்னு கேட்டாங்க. பீன்ஸ்னேன்.

"பூ."

அப்புறம் சத்தமே இல்லை.

இதுக்குப் பின்னால இருக்கிற விஷயம் இதுதான். 'ஈ'யும் 'ஊ'வும் அடியில கிட்டத்தட்ட ஒரே சத்தம், ரெண்டுக்கும் முதல் அழுத்தம் 300 ஹெர்ட்ஸ் பக்கம். வித்தியாசம் ரெண்டாவது அழுத்தத்துல இருக்கு. 'ஊ'வுக்கு அது 800, 900 பக்கம், 'ஈ'க்கு 2000-க்கு மேல. மேல்பகுதியை வெட்டினா 'ஈ' போய் 'ஊ' மாதிரி ஆயிடும். 'ஸ்' இருக்கிறது இன்னும் உயரத்துல, 4000-க்கு மேலயும் போகும். அதுவும் போச்சு. 'பீன்ஸ்'ல 'ஈ'யும் போய் 'ஸ்'ஸும் போனா மிச்சம் என்ன? பூதான். அப்பா கேட்டதைத்தான் வாங்கிட்டு வந்திருக்கார்.

அம்மா அத்தோட விடலை. வால்யூம் குமிழ் எதுன்னு கேட்டு அவங்களே ஏத்தினாங்க. "சத்தம்தான் ஜாஸ்தி ஆகுது, வார்த்தை வரலையே!" கத்திப் பேசினா என்ன ஆகும்னு அதுலயே தெரிஞ்சது. கத்தும்போது உயிரெழுத்துதான் பெருசாகும், 'ஸ்'ஸும் 'த்'தும் அவ்வளவா ஏறாது. அப்பா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு "ஏன் கத்தறே?"ன்னு கேக்கிறதும் நடிப்பு இல்லை. இந்த மாதிரிக் காதுல மெதுவான சத்தம் கேக்காது, பெரிய சத்தம் எல்லாருக்கும் மாதிரியே, சில சமயம் அதுக்கும் மேலயே, உறைக்கும். இந்த ரெண்டாவது பகுதியை என் பில்டரால காட்ட முடியாது. அது வெறும் வெட்டுக்கத்திதான்.

'டீ வேணுமா' எப்படிக் கேக்குது? சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா அடுப்படி வாசல்ல நின்னு அப்பாவைப் பார்த்து ரெண்டு வார்த்தை சொன்னா, அது டீயைத் தவிர வேற என்னவா இருக்க முடியும்? அம்மா ஹெட்போனைக் கழட்டிட்டு இதைத்தான் முதல்ல கேட்டாங்க. பதிலையும் அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

இதைக் கம்ப்யூட்டர்ல பண்ண முடியாதான்னு கேப்பீங்க. தாராளமா முடியும், ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளே போதும், கோடும் இதைவிடத் துல்லியமா வரும். ஆனா அம்மா மவுஸைத் தொடமாட்டாங்க. குமிழ்னா ரேடியோல பழகின கை, தானா போகுது. கட்-ஆஃபை வலது பக்கம் திருப்பி "இது நான்", இடது பக்கம் திருப்பி "இது அவர்"னு நாலைஞ்சு தடவை போய் வந்தாங்க.

இவ்வளவையும் அப்பா சோபாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். "என்னடா நடக்குது?" ஹெட்போனை அவருக்கு மாட்டி, இந்தத் தடவை மைக்குக்குப் பதிலா அவரோட பழைய கச்சேரி கேசட் ஒண்ணை உள்ளே விட்டேன். லோ-பாஸை முழுசாத் திறந்துட்டு ஹை-பாஸை மெதுவா ஏத்தினேன். கீழே உள்ளது குறையக் குறைய, 2000 பக்கம் பீக்கைக் கொஞ்சம் தூக்கி வச்சேன். வால்யூமைச் சின்னதாத்தான் வச்சேன். நீங்க யாராவது செஞ்சா அதுல கவனமா இருங்க, இது காதுக்கருவி இல்லை. கருவி ஒவ்வொரு அதிர்வுக்கும் தனித்தனியா எவ்வளவு ஏத்தணும், எங்க நிறுத்தணும்னு கணக்குப் போடும். இந்தப் பெட்டிக்கு அந்த விவஸ்தை கிடையாது.

தனி ஆவர்த்தனம் வந்தது. எனக்கு அது தகர டப்பா மாதிரிதான் கேட்டது, மிருதங்கத்தோட தொப்பி பக்கமே காணோம். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார்.

"இதுல கஞ்சிராவும் இருக்கா?"

கேசட் அட்டையில பேர் போட்டிருக்கு. அவரே கடையில நின்னு வாங்கின கேசட்.

"இருக்குப்பா."

"சலங்கை கேக்குதுடா."

ரெண்டாம் பக்கமும் போடச் சொன்னார். அது ஓடிக்கிட்டிருக்கும்போதே அம்மா வந்து அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, கண்ணாடி போட்டு, கோட்டை இடதுலிருந்து வலது வரைக்கும் விரலை வச்சுப் பார்த்தாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை கருவி மாட்டிப் பார்க்க நேரம் வாங்கியிருக்கு. அம்மாவும் கூட வர்றாங்களாம். அதுவரைக்கும் பெட்டியை ஹால்லேர்ந்து எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு.